வென்றவனைக் கொன்றவன்

சென்ற வாரம் சரித்திர ஆசிரியரான நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சு எப்படியோ பழைய பாரசீகத்துச் சேனாபதி சுரேனாவிடம் போய் நின்றது. அத்தனை பெரிய வெற்றி தந்தவனை அவனுடைய அரசனே கொன்றுவிட்டானே என்று வருத்தப்பட்டேன். நண்பர் காபியை ஆற்றிக்கொண்டே, "வளர்ந்துவிட்ட சேனாபதியை எந்த அரசன் ஐயா விட்டு வைப்பான்? அதற்குப் பெயர்தான் ராஜதந்திரம்!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பொறாமைக்குப் பட்டுப் பீதாம்பரம் உடுத்தி, ராஜதந்திரம் என்று நாமகரணமும் செய்கிற இந்த வழக்கத்தை நம் படித்தவர்கள் என்றைக்குத்தான் விடப் போகிறார்கள்?

நடந்ததைப் பாருங்கள். கி.மு. 53. ரோமாபுரியின் பெருஞ்செல்வன் கிராஸஸ் சுமார் 40,000 பேருடன் யூப்ரடீஸ் நதியைக் கடந்து வந்தான். பாரசீகத்தை அப்போது ஆண்டவர்கள் பார்த்தியர்கள்; அவர்கள் அரசன் ஒரோடிஸ். அவனோ பெரும்படையை அழைத்துக்கொண்டு ஆர்மீனியாவுக்குப் போய்விட்டான். ரோமரைத் தடுக்கும் வேலை முப்பது வயதுகூட நிரம்பாத சுரேனாவின் தலையில் விழுந்தது. கையில் இருந்தது சுமார் 10,000 குதிரை வீரர்கள்.

காரே என்ற ஊருக்கு அருகே வெட்டவெளியில் போர். அந்த ஊர் இன்று துருக்கியில் ஹாரான் என்று வழங்குகிறது. பார்த்திய வில்லாளிகளின் அம்புகள் எப்படியும் தீர்ந்துபோகும், அதுவரை பொறுத்துக்கொள்வோம் என்று கேடயங்களுக்குள் ஒடுங்கி நின்றார்கள் ரோமர்கள். அம்பு தீரவில்லை. சுரேனா ஒட்டகங்களின்மேல் அம்புகளை ஏற்றிப் படைக்குப் பின்னாலேயே கொண்டுவந்திருந்தான்! அந்தப் படையெடுப்பில் 20,000 ரோமர்கள் மாண்டார்கள், 10,000 பேர் சிறைப்பட்டார்கள் என்கிறார் கிரேக்க ஆசிரியர் புளூடார்க்.

சுரேனா உத்தமன் என்று வாதாட நான் வரவில்லை. சமாதானம் பேச வந்த இடத்தில்தான் கிராஸஸ் உயிரை விட்டான். பிறகு செலூசியா நகரத்தில் ஒரு கைதிக்குப் பெண்வேடம் போட்டு, அவனைக் கிராஸஸ் என்று ஊர்வலம் விட்டுச் சிரிக்க வைத்தவனும் சுரேனாதான். இவற்றுக்காக அவனைத் திட்டுங்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஆனால் ஒரோடிஸுக்கு அவன் என்ன கெடுதல் செய்தான்? நாட்டை விட்டு ஓடியிருந்த அந்த அரசனைத் திரும்ப அழைத்து வந்து அரியணையில் அமர்த்தியவனே சுரேனா. செலூசியாவைப் பிடித்தபோது மதில்மேல் முதலில் ஏறியவனும் அவனே. முடியை அபகரிக்க ஆசை இருந்தால் அரசன் ஊரில் இல்லாத காலம் போதாதா? கலகம் செய்தான் என்று புளூடார்க் எழுதவில்லை. அவன் புகழைப் பொறாமல் அரசன் கொன்றான் என்றே எழுதுகிறார்.

கிராஸஸின் தலை ஆர்மீனிய அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே நாடகம் நடந்துகொண்டிருந்தது. நடிகன் அந்தத் தலையையே கையில் ஏந்தி ஆடினான். பார்த்திருந்த ஒரோடிஸ் மகிழ்ந்து பரிசு கொடுத்தான். தலையை அனுப்பியவனுக்குக் கிடைத்த பரிசு மரணம்!

சரி, ராஜதந்திரம் என்றே வைத்துக்கொள்வோம். பலித்ததா? கி.மு. 51-ல் இளவரசன் பக்கோரஸின் பெயரால் பார்த்தியர்கள் சிரியாவுக்குள் புகுந்தார்கள். படையை நடத்திய ஓஸாஸிஸை வீழ்த்தியவன் யார் தெரியுமா? காரேயிலிருந்து உயிர் தப்பி ஓடிய காஸியஸ்! கி.மு. 38-ல் பக்கோரஸும் சிரியாவில் ரோமரிடம் மாண்டான். மகனை இழந்து மனம் உடைந்த கிழவன் இன்னொரு மகனான பிராட்டிஸை வாரிசாக்கினான். அந்தப் பிள்ளையே தகப்பனைக் கொன்றான்.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைவிட உறுத்துவது ஒன்று உண்டு. ஒரோடிஸின் முகம் பொறித்த காசுகள் இன்றும் காட்சிசாலைகளில் இருக்கின்றன. தோற்றவனின் பெயரை மார்க்கஸ் லிஸினியஸ் கிராஸஸ் என்று முழுதாக எழுதி வைத்திருக்கிறார்கள். வென்றவனுக்கோ பெயரே இல்லை. சுரேனா என்பது அவன் குலத்தின் பெயர். தாய் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ!

நண்பரே, பெயரைத்தான் நம்மால் மீட்க முடியாது. அவன் சாவுக்குக் காரணம் என்னவென்று வகுப்பில் பையன்கள் கேட்டால், பொறாமை என்று சொல்லிக் கொடுங்கள். அதற்கு ஒரு காசு செலவில்லை.