ஐம்பதுக்குக் கீழே இருந்தால் பிள்ளைகள் இல்லையா?

ஐம்பது மாணவர்களுக்கு மேல் படித்தால்தான் அது பயிற்சி மையம். மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிமுறைகளின் வரையறை அப்படித்தான் சொல்கிறது. அவை வெளிவந்தபோது பேச்செல்லாம் 16 வயது வரம்பைப் பற்றியும், அபராதத்தைப் பற்றியும், பொய் விளம்பரங்களைப் பற்றியுமே இருந்தது. இந்த ஐம்பதைப் பற்றி யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லை. ஆனால் மாலையில் டியூஷனுக்குப் போகும் குழந்தையின் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளது இந்த எண்தான்.

நெறிமுறைகளில் நல்லவை இருப்பதை மறுக்கவில்லை. ஒரு மாணவருக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம் வேண்டும். தீப் பாதுகாப்புச் சான்றும் கட்டட உறுதிச் சான்றும் வேண்டும். முதலுதவிப் பெட்டி, குடிநீர், ஆண் பெண் இருபாலருக்கும் தனிக் கழிப்பறை வேண்டும். ஒழுக்கக் கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரைப் பாடம் நடத்த வைக்கக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய், இரண்டாம் முறை ஒரு லட்சம், அதன் பிறகு பதிவு ரத்து. எல்லாம் சரி. ஆனால் இவை ஐம்பது பேரைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகின்றன.

இதனுடன் 16 வயது வரம்பைச் சேர்த்துப் படித்தால் நிலைமை இன்னும் மோசம். ஐம்பதைத் தாண்டிய மையம் 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கவே கூடாது. ஐம்பதைத் தாண்டாத இடத்துக்கு இந்த நெறிமுறைகளில் விதியே கிடையாது. அப்படியானால் இரண்டாம் வகுப்புக் குழந்தையும் ஏழாம் வகுப்புக் குழந்தையும் பள்ளி விட்டபின் எங்கே போகிறார்கள்? விதி இல்லாத இடத்துக்குத்தான். சான்றும் சோதனையும் 17 வயதுப் பையனுக்கு. ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாத ஏழு வயதுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை. பாதுகாப்பை வயதைப் பார்த்துப் பங்கிட வேண்டுமென்றால் இதை நேர்மாறாகத்தானே செய்திருக்க வேண்டும்?

அந்த இடங்கள் எப்படி இருக்கின்றன என்பது பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். கீழே கடை, மேலே வீடு, வீட்டின் ஹாலில் டியூஷன். ஏறுவதற்கு ஓராள் அகலத்தில் ஒரே மாடிப்படி. படியின் அடியில் மின்வாரிய மீட்டர் பெட்டிகள், அவற்றை ஒட்டி இன்வெர்ட்டர் பேட்டரி, பக்கத்தில் பெட்ரோல் நிரம்பிய இரண்டு மூன்று ஸ்கூட்டர்கள். படிகளில் செருப்புக் குவியல். ஜன்னலுக்குத் திருடன் பயத்தில் இரும்புக் கம்பி. பிள்ளைகள் சொல்லாமல் ஓடிவிடக் கூடாது என்று படியின் தலைமாட்டில் இழுவைக் கதவு. அதற்குப் பூட்டு, சாவி டீச்சரிடம். உள்ளே முப்பது பிள்ளைகள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். மீட்டர் பெட்டியில் ஒரு பொறி கிளம்பினால், முப்பது பேரும் அந்தப் படியில்தான் இறங்கியாக வேண்டும். எண்ணிக்கை ஐம்பத்தொன்றாக இல்லையே என்று நெருப்பு காத்திருக்காது.

ஐம்பது என்பது ஒரே நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்களா, நாள் முழுக்க வந்துபோகிறவர்களா? வரையறையில் அந்த விளக்கமும் இல்லை. விளக்கம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நம் ஊரில் யாரும் ஊகிக்கத் தேவையில்லை. ஒரே மாடியில் கணவர் பெயரில் ஒரு மையம், மனைவி பெயரில் இன்னொன்று. இரண்டிலும் நாற்பத்தைந்து பேர். கேட்க யாருக்கும் அதிகாரம் இருக்காது.

அதோடு முடியவில்லை. விளையாட்டு, நடனம், நாடகம், மற்ற படைப்புக் கலைகள் ஆகியவற்றை அதே வரையறை முழுவதுமாக விலக்கி வைத்திருக்கிறது. ஐம்பதென்ன, ஐந்நூறு பேர் இருந்தாலும் கணக்கில் வராது. சிலம்பம், கராத்தே, பரதம், நீச்சல் என்று பிள்ளைகளை அனுப்பாத வீடு எது? குழந்தையின் உடம்பைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் இவை. சொல்லிக்கொடுப்பவர் யார், அவர் மேல் வழக்கு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் குற்றம் நடந்த பிறகு வரும் சட்டம். நடப்பதற்கு முன் பார்க்க வேண்டியவர்கள் இந்த வகுப்புகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

சூரத்தில் 2019 மே 24 அன்று பயிற்சி வகுப்புக் கட்டடத்தில் பிடித்த தீயில் இறந்த 22 பேரில் பெரும்பாலோர் பிள்ளைகள். மேல்மாடியில் வரைதல், வடிவமைப்பு வகுப்புக்கு வந்தவர்கள். படியில் நெருப்பு, தப்ப வேறு வழியில்லை. மேலிருந்து குதித்தவர்களை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி அவர்கள் நின்ற உயரத்துக்கு எட்டவில்லை. அதைப் பார்த்த பிறகும், ஐந்து ஆண்டு கழித்து எழுதிய வரையறையில் படைப்புக் கலை வகுப்புகளை வெளியே நிறுத்த ஒருவருக்கு மனம் வந்திருக்கிறது என்றால், சூரத்தின் கோப்பை அவர் பிரித்துப் பார்த்தாரா என்று கேட்கத்தான் வேண்டும்.

நடந்ததில் ஒரு துண்டை மட்டும் பார்ப்பதுதான் கோப்பெழுதுகிறவர்களின் வழக்கம். டெல்லியானாலும் சென்னையானாலும் பெரிய வேறுபாடு இல்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் வெந்து மடிந்தார்கள். ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள், குறுகலான படி, சமையல் கூடத்தின் நெருப்பு, மேலே கீற்றுக் கூரை. எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சாவு. அதிகாரிகள் கண்ணில் பட்டது கீற்று. ஊர் ஊராகக் கீற்றைப் பிரித்தார்கள். குறுகலான படி பள்ளியை விட்டு டியூஷன் மாடிக்கு இடம்பெயர்ந்தது. 2012 ஜூலையில் சென்னை அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகச் சிறுமி விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று கொடுத்திருந்தார்கள்! நீதிமன்றம் கையிலெடுத்த பிறகே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அவை பள்ளி வாகனங்களுக்கு. மாலையில் டியூஷனுக்குப் பத்துப் பிள்ளைகளை அடைத்துப் போகும் ஆட்டோவை யார் நிறுத்திப் பார்க்கிறார்கள்?

2023 ஜூனில் டெல்லி முகர்ஜி நகரில் பயிற்சி மையக் கட்டடம் தீப்பிடித்தபோது மாணவர்கள் கயிற்றைப் பிடித்து ஜன்னல் வழியே இறங்கினார்கள். மறு ஆண்டு ஜூலையில், அதே டெல்லியின் ராஜேந்திர நகரில், ஒரு பயிற்சி மையத்தின், நூலகம் நடத்த அனுமதியே இல்லாத அடித்தளத்தில் மழைநீர் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். மறுநாளே சீல் வைக்க வண்டி வண்டியாக வந்தார்கள். அதற்கு முந்தைய நாள் வரை அந்தத் தெருவில் நடக்காதவர்களா அவர்கள்? செத்த பிறகு பூட்டுவதற்கு இருக்கும் ஆட்கள், உயிரோடு இருக்கும்போது ஒருமுறை படியேறிப் பார்க்க ஏன் இல்லாமல் போகிறார்கள்?

சிறிய டியூஷன்களுக்கு விதி போட்டால் பி.எட். முடித்து வேலை கிடைக்காத பெண்கள் பிழைப்பது எப்படி என்கிறார்கள். அந்தக் கவலை நமக்கும் உண்டு. ஆனால் பிழைப்புக்கு எதிரி தீயணைப்புச் சான்று அல்ல. அதை வாங்கப் போகும் இடத்தில் நீளும் கை. அதைச் சரிசெய்ய முடியாதவர்கள் குழந்தைகளைக் கணக்கிலிருந்து நீக்குவதை இரக்கம் என்று சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் இருபது குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்று வகுத்தபோது, அவர்களையும் தேர்வு வைத்துத்தான் எடுத்தார்கள். இருபது பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் அவர் யார் என்று பார்க்க வேண்டும் என அரசுக்கே அப்போது தோன்றியிருக்கிறது.

காற்று இப்போது எதிர்த்திசையில் அடிக்கிறது. பயிற்சி மையங்களுக்குப் பெயர்போன கோட்டாவைத் தன்னகத்தே வைத்திருக்கும் ராஜஸ்தான், 2025 செப்டம்பரில் நிறைவேற்றிய சட்டத்தில் ஐம்பதை நூறாக உயர்த்திவிட்டது. வரைவில் முதல் மீறலுக்கு இரண்டு லட்சமாக இருந்த அபராதம் 50,000 ஆகச் சுருங்கியது. அடுத்த மாநிலம் இருநூறு என்று எழுதாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

தமிழக அரசு ஐம்பது என்ற இந்த வரம்பை ஏற்கக் கூடாது. பத்துப் பிள்ளைகள் கூடும் மாடியானாலும் யாராவது ஒரு பொறுப்பான அலுவலர் ஏறிப் பார்க்க வேண்டும். அதை உள்ளாட்சி செய்யட்டும், தீயணைப்புத் துறை செய்யட்டும், கல்வித் துறை செய்யட்டும். மூவரும் சேர்ந்து செய்தாலும் சரி. அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அதற்கான ஆணை வர வேண்டும்.