அகழ்வுக்கு முன் கிடங்கு: சங்க இலக்கியத் தரவாக்கம் குறித்த ஒரு கருத்து

கணினிவழித் தமிழாய்வில் தரவகழ்வு பெறும் கவனத்தைத் தரவுக்கிடங்கு பெறுவதில்லை. பல மூலங்களில் சிதறிக்கிடக்கும் தரவுகளைத் திரட்டித் தூய்மைசெய்து, ஒரே அமைப்பில் பொருத்தி, நிலையாகச் சேமித்து வைப்பது கிடங்கு. அத்தொகுதியுள் மறைந்திருக்கும் ஒழுங்குகளைக் கண்டறிவது அகழ்வு. பொருள்வழி அமைதல், ஒருங்கிணைதல், காலம் சுட்டல், மாறாதிருத்தல் எனக் கிடங்கின் இயல்புகளை வில்லியம் இன்மன் நான்காக வகுத்தார். இவற்றுள் ஒன்று குறையினும் அகழ்வின் முடிவு ஐயத்திற்குரியதாகும்.

அகநானூறு இதற்குத் தக்க சான்று. அதன் 400 பாடல்களின் எண்ணையும் திணையையும் அட்டவணையாக்கித் தொடர்புவிதி காணும் நிரலை இயக்கினால், ஒற்றைப்படை எண்ணுடையன பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 0 என முடிவன நெய்தல் என்னும் விதி வெளிப்படும். கணக்கீட்டில் பிழையில்லை. ஆயினும் அவ்வொழுங்கு புலவர்களுடையதன்று, தொகுப்பின் வைப்புமுறை. பாலைப் பாடல்கள் 200 என்பதும் அம்முறையின் விளைவே. அவ்வெண்ணிக்கையைக் கொண்டு சங்கப் புலவர் பிரிவையே மிகுதியும் பாடினர் எனத் துணிவது தொகுத்தோரின் திட்டத்தைப் புலவரின் நெஞ்சமாகக் கொள்வதாகும்.

இவ்வைப்புமுறை அறிஞர் அறிந்தது. ஆதலின் இங்குத் தவறு எளிதில் புலப்படும். பாடலடியில் அமைந்த கூற்றுக் குறிப்பும், பதிப்பாசிரியர் பிரித்த சந்தியும், அவர் தேர்ந்த பாடமும் மூலத்தோடு கலந்து உள்ளிடப்படும்போது தவறு புலப்படுவதில்லை. தரவு பெருகப் பிழை தேயும் என்பர். தற்செயற் பிழைக்கு அது பொருந்தலாம். ஒரே கொள்கையால் நூல் முழுதும் செய்யப்பட்ட திருத்தம் தேயாது, ஒழுங்காகவே தோன்றும். மேலும், சங்கப் பாடல்கள் 2381 மட்டுமே. பெருக்குதற்கு வேறு பாடல்கள் இல்லை.

எனவே ஒவ்வொரு தரவும் பாடலின் பகுதியா, அடிக்குறிப்பா, உரைகாரர் கருத்தா, பதிப்பாசிரியர் முடிவா என்பதைத் தனிப் புலத்தில் பதிதல் வேண்டும். ஒரு பாடத்தின்மேல் மற்றொன்றை எழுதி அழிக்காமல், எல்லாப் பாடங்களையும் பதிப்பாண்டுடன் காத்தல் வேண்டும். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்த பதிப்பாசிரியர்கள் செய்த பணியும் இதுவே. நிரல் எழுதுவோர் அட்டவணையை வடிவமைக்கலாம். அதன் புலங்கள் எவை என்பதைத் தமிழாய்வாளரே முடிவுசெய்தல் வேண்டும். அப்பொறுப்பை விட்டுவிட்டு முடிவுகளை மட்டும் பெற்றுக்கொள்வது ஆய்வாகாது.