ஆலயத்திலும் பிரபு மேடையா?

இங்கிலாந்தின் பழைய ஊர்த் தேவாலயங்களைப் புகழ்வோர் கல்லையும் கோபுரத்தையும் வியப்பர். உள்ளிருக்கும் ஆசனங்களைப் பற்றி வாய் திறவார். நாம் அவற்றைப் பற்றியே பேச விரும்புகின்றோம்.

யார்க்ஷயரில் விட்பி குன்றின்மீது நிற்கும் செயின்ட் மேரி ஆலயம் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. பலிபீடத்தை நோக்கும் கல்வளைவின் முன்னே, 17-ஆம் நூற்றாண்டில், சம்லி என்னும் நிலப்பிரபுக் குடும்பத்தார் முறுக்குத் தூண்களின்மேல் தமக்கென ஓர் உயர்மேடை அமைத்துக்கொண்டனர். மற்றையோர் கண்ணுக்குப் பீடம் மறைந்தது; பிரபு தெரிந்தார்! கீழே கதவிட்ட பெட்டி ஆசனங்கள். அவற்றிற் சிலவற்றில் 'அந்நியர்க்கு மட்டும்' என்னும் எழுத்து இன்றும் உண்டு.

இஃது ஓர் ஊரின் பிழையன்று. இடைக்காலத்தில் பெரும்பாலோர் நின்றே வழிபட்டனர். 15-ஆம் நூற்றாண்டில் ஆசனங்கள் பரவின. பின்னர் பல ஆலயங்களில் அவற்றுக்கு வாடகையும் வந்தது. வாடகை கொடுக்க இயலாத ஏழைக்குக் கடைசி இடமே கிடைத்தது. 1818-இல் பார்லிமெண்டு புதிய ஆலயங்களுக்கென 10 லட்சம் பவுன் ஒதுக்கியது. அவற்றிலும் வாடகை ஆசனம் ஒழிந்தபாடில்லை.

'பழமையாயிற்றே, குறை கூறலாமா?' என்பர் சிலர். இடிக்கச் சொன்னோமா? மேடை நிற்கட்டும், சாட்சியாக நிற்கட்டும். அதன் சித்திர வேலைப்பாட்டைக் காட்டி அநீதியை மறைக்க வேண்டா என்பதே நம் வழக்கு. கடவுள் சந்நிதியில் விலைபேசிய இருக்கை எத்துணை அழகியதாயினும் இழிவேயாம்.