1,000 ரூபாய் வவுச்சருக்கு உங்க கதையை விக்கலாமா?

"வீட்டிலிருந்தே 90 நிமிஷம் வீடியோ கால்ல பேசுங்க, 1,000 ரூபாய் வவுச்சர் தர்றோம்"னு மெசேஜ் வருது, நம்பலாமா? சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது.

என் கருத்து: உண்மையான மார்க்கெட் ரிசர்ச்சா இருந்தா தாராளமா போகலாம். ஆனா அதைப் பரிசா நினைக்காதீங்க. உங்க நேரத்தையும் அனுபவத்தையும் நீங்க விக்கறீங்க. வாங்குற கம்பெனியும் அப்படித்தான் மதிக்கணும்.

முதல்ல, உங்ககிட்ட ஏன் பேசணும்? ஒரு மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனி, மக்கள் ஏன் எஸ்ஐபி-யை நிறுத்தறாங்கன்னு தெரிஞ்சுக்க நினைக்குதுன்னு வைங்க. சர்வேயில கேட்டா "பணம் போதலை"ன்னு டிக் அடிச்சுட்டுப் போயிடுவோம். அரை மணி நேரம் பொறுமையா பேசினாத்தான் ஜூன் மாச ஸ்கூல் ஃபீஸ், அடகு வச்ச நகைக்கு வட்டின்னு உண்மைக் காரணம் வெளியே வரும். அந்தக் 'காரணம்'தான் சரக்கு.

இப்ப கணக்கு போடுவோம். கால் 90 நிமிஷம். தகுதி பார்க்கற கேள்விகளுக்கு 20 நிமிஷம். அதுக்கு முன்னாடி ஒரு வாரம், தினம் 15 நிமிஷம் டைரி எழுதச் சொன்னா 105 நிமிஷம். மொத்தம் 215 நிமிஷம். 1,000 ரூபாயை வகுத்தா, மணிக்கு சுமார் 280 ரூபாய். உங்களுக்குக் கட்டுபடியாகுதான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஆனா டைரி வேலையை முதல்லயே சொல்லாம, சேர்ந்த பிறகு தலையில கட்டறது நியாயமே இல்லை.

கம்பெனிகளுக்கும் ஒண்ணு சொல்லணும். எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எந்தத் தேதியில வரும், ரெக்கார்டிங்கை யார் பார்ப்பாங்க – இந்த நாலையும் நல்ல தமிழ்ல முன்னாடியே சொல்லுங்க. கூட்டுக் குடும்பத்துல இருக்கற ஒரு அக்காவால, மாமியார் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது கேமரா முன்னாடி கடனைப் பத்திப் பேச முடியுமா? அவங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்பற வசதி கொடுங்க. மதிப்பு இல்லாத இடத்துல மனுஷங்க மனசைத் திறக்க மாட்டாங்க. நீங்க கேக்க விரும்பற பதிலைச் சொல்லிட்டு வவுச்சரை வாங்கிட்டுப் போயிடுவாங்க. நஷ்டம் உங்களுக்குத்தான்.

நம்ம பக்கமும் நேர்மை வேணும். கார் இல்லாமலே "கார் இருக்கு"ன்னு பொய் சொல்லி உள்ளே நுழையறவங்களால, உண்மையான ஆட்களுக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பும் பணமும் போகுது.

அடுத்தது டாக்ஸ். "கிஃப்ட் வவுச்சர்தானே, வருஷத்துக்கு 50,000 வரை டாக்ஸ் கிடையாதே"ன்னு பலர் நினைக்கறாங்க. அந்த விலக்கு சும்மா கிடைக்கற பணத்துக்குத்தான். இது வேலை செஞ்சு வாங்கினது. பேர்லதான் கிஃப்ட், கணக்குல வருமானம். உங்க மொத்த வருமானத்தைப் பொறுத்து டாக்ஸ் வராமலே போகலாம், ஆனா ரிட்டர்ன் போடறவங்க இதையும் சேர்த்துக் காட்டணும். தேதி, தொகை ரெண்டையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க.

கடைசியா, ரொம்ப முக்கியம். ரிசர்ச்சுக்கு நீங்க ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டெபாசிட், "டாஸ்க் முடிச்சா டபுள்"னு வந்தா அது மோசடி. ஓடிபி, பான், ஆதார் போட்டோ கேட்டா கால்-ஐ கட் பண்ணுங்க. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் ஒரு சட்டமே வந்திருக்கு. கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கற உரிமை அதுல இருக்கு. அதனால "ரெக்கார்டிங்கை எப்ப அழிப்பீங்க?"ன்னு கூச்சப்படாம கேளுங்க.

பதில் சொல்லத் தயங்கற கம்பெனிக்கு உங்க கதை எதுக்கு? சொல்லாம வந்துடுங்க. உங்க அனுபவம் எப்படி இருந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோல பேசுவோம்.