கராத்தே தீர்மானம் போடுகிற தோழர்களுக்கு

ஒவ்வொரு ஆணவக் கொலைக்குப் பிறகும் கண்டனக் கூட்டம் நடக்கிறது. கூட்டம் முடியும் நேரத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "நம்ம பிள்ளைகளுக்கு கராத்தே சொல்லிக் கொடுக்கணும் தோழர், அப்பத்தான் எவனும் கை வைக்க மாட்டான்" என்கிறார். கை தட்டுகிறார்கள். தீர்மானத்தின் கடைசி வரியாக அதுவும் சேர்ந்துவிடுகிறது. அடுத்த கொலை வரை அந்த வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எதிர்முனையில் இன்னொரு தோழர் இருக்கிறார். "கராத்தே எல்லாம் காசு இருக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு. நமக்கு எதுக்கு பெல்ட்டும் மெடலும்? போய் படிக்கச் சொல்லு" என்பார். இந்த இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. முதல் தோழரோடு கொஞ்சம் அதிகமாகவே.

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டிச் சாய்த்தார்கள். கேமராவில் பதிவானதை நாடே பார்த்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருசக்கர வாகனத்தில் வந்த கும்பல், கையில் அரிவாள், சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். சங்கர் கறுப்பு பெல்ட் வாங்கியவராக இருந்தால் பிழைத்திருப்பாரா? மேட்டில் எடைப் பிரிவு உண்டு, வயதுப் பிரிவு உண்டு, 'நிறுத்து' என்று சொல்ல நடுவர் உண்டு. அரிவாளோடு வருகிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது. ஒரு சமூகமே சேர்ந்து செய்கிற கொலைக்கு, தனி ஒருவனின் முழங்கையையும் முழங்காலையும் பதிலாகச் சொல்வது, செத்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வேலை. 'அவனுக்குத் திருப்பி அடிக்கத் தெரியவில்லை' என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

கௌசல்யா அதன் பிறகு தலைமுடியை வெட்டிக்கொண்டார், கராத்தே கற்றார், பறை கற்றார், மேடை ஏறிப் பேசினார். அந்தக் கராத்தே அவர் தன்னைத் தானே தூக்கி நிறுத்துவதற்குச் செய்துகொண்டது. கொலையாளிகளை அசைத்தது நீதிமன்றத்தில் அவர் சொன்ன சாட்சியம். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது. மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. நம் சண்டை இன்னும் அங்கேதான் பாக்கி நிற்கிறது.

இன்னொரு பெயரையும் சொல்கிறேன். ஜெயஸ்ரீ கதிரவேல். திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண். 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அந்த ஆலை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அப்போதும் சிலர் பெண்களுக்குத் தற்காப்புக் கலை வேண்டும் என்றார்கள். ஆனால் தலித் பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும், பெண்களே நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் வேறு வேலை செய்தது. நிறுவனத்தையும் துணி வாங்குகிற எச் அண்ட் எம்மையும் பேச்சுக்கு இழுத்து, 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் போட வைத்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். வேலை நடக்கும் இடத்திலேயே தொல்லையைக் கவனித்துச் சொல்ல, தொழிலாளிகளிலிருந்தே ஆட்களை நியமிக்க அதில் வழி உண்டு. சூப்பர்வைசரின் கை நீளாமல் தடுக்கிற தற்காப்பு என்றால் அதுதான்.

அரசுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ராணி லட்சுமிபாய் பெயரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். மூன்று மாதம். போட்டோ எடுத்து, பேனரில் போட்டு, கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணே பத்தாவது முடித்து நூற்பாலை விடுதிக்குப் போனால், வாசல் கேட்டுக்கு வெளியிலிருந்து பூட்டு. பூட்டைத் திறக்கச் சொல்லும் திட்டம் எதுவும் அந்தப் பேனரில் இருக்காது.

அப்படியானால் கராத்தே வேண்டாமா? வேண்டும். ஆனால் காரணம் வேறு.

கொங்கு மண்டலத்தில் சாதி என்பது முதலில் உடம்பு சம்பந்தப்பட்டது. யார் யாரைத் தொடலாம், யார் யார் முன்னால் உட்காரலாம், யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும். 2018-இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியரான பாப்பாள் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் திரண்ட மாவட்டம் இது. இந்த மாவட்டத்தில், ஒரு கவுண்டர் வீட்டுப் பையன் அருந்ததியர் வீட்டுப் பையனுக்கு முன்னால் நின்று இடுப்பை வளைத்து வணங்க வேண்டிய இடம், அவன் கணுக்காலைக் கையால் பிடித்துத் தூக்கிவிட வேண்டிய இடம், அவன் வியர்வை தன் சட்டையில் பட்டால் ஒன்றும் சொல்ல முடியாத இடம் எத்தனை இருக்கிறது? எண்ணிப் பாருங்கள். கராத்தே கிளாஸ் அதில் ஒன்று. குமிதேயில் எதிராளியை நெருங்காமல் பாயிண்ட் எடுக்க முடியாது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகளைக் கிளாஸிலிருந்து அழைத்துப் போக வருவது பெரும்பாலும் பாட்டிகள்தான். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே. ஒரு பாட்டி பேரனைக் கூப்பிட வந்தார். பேரனோடு அப்போதுதான் குமிதே போட்டு முடித்த பையன் தண்ணீர் பாட்டிலோடு வெளியே வந்தான். பன்னிரண்டு வயது இருக்கும். பாட்டிக்கு அவன் எந்த வீட்டுப் பையன் என்று தெரியும். சட்டென்று ஒதுங்கி நின்று, "போங்க சாமி" என்றார். பேரன் பாட்டியைப் பார்த்தான், அந்தப் பையனைப் பார்த்தான், அப்புறம் சொன்னான்: "பாட்டி, அவன் பேரு வேற. இன்னைக்கு எங்கிட்ட ரெண்டு பாயிண்ட்ல தோத்துட்டான்." அந்தப் பையன் சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு தலைமுறை வாய் நிறையச் சுமந்த சொல் அந்த வாசலில் பொருளற்றுப் போனது. இதற்காகவே நம் பிள்ளைகள் அந்த மேட்டில் ஏற வேண்டும்.

இதைப் பெரிதாக்கவும் நான் தயாரில்லை. அதே பையன் நாளை ஊர்த் திருவிழாவில் எந்தப் பக்கம் நிற்பான் என்று கராத்தே மாஸ்டரால் உறுதி சொல்ல முடியாது. நாம் ஜெயித்தால் பொறுத்துக்கொள்ளாத நாடு இது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு தலித் மாணவனை வழிமறித்து வெட்டி விரல்களைத் துண்டித்தார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம் என்றார்கள் குடும்பத்தார். பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசு 1985 முதல் கொடுக்கிற விருதின் பெயர் என்ன? துரோணாச்சாரியார் விருது. ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவரின் பெயர்.

பள்ளிகளில் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி சொல்கிறார்கள். நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. போட்டி மேட்டிலும் நிறம் உண்டு. ஒருவனுக்குச் சிவப்பு பெல்ட், இன்னொருவனுக்கு நீலம். ஆனால் அடுத்த ரவுண்டில் மாற்றிக் கட்டுவார்கள். இந்த வித்தியாசம் போதும் எனக்கு.

இனி இரண்டாவது தோழரின் கேள்வி, காசு. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாதக் கட்டணத்தோடு முடிவதில்லை. வெள்ளைச் சீருடை, ஒவ்வொரு பெல்ட் டெஸ்டுக்கும் தனிக் கட்டணம், போட்டிக்கு நுழைவுக் கட்டணம், வேன் வாடகை. செக்கிங் வேலை பார்க்கிற அம்மா சனிக்கிழமைச் சம்பளத்தில் இதை எடுத்து வைக்க வேண்டும். பெல்ட் டெஸ்டும் போட்டியும் ஞாயிற்றுக்கிழமை. ஷிப்மெண்ட் நெருங்கினால் கம்பெனிக்கு ஞாயிறும் வேலை நாள்தான்.

இத்தனையும் கொடுத்து என்ன வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் போட்டி. பேனரில் 'தேசிய', 'சர்வதேச' என்று இருக்கும். வயது, எடை, பெல்ட் நிறம் என்று பிரித்துக்கொண்டே போனால் ஒரு பிரிவில் நாலு பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள். கராத்தேயில் வெண்கலம் இரண்டு. ஆக நாலு பேருக்கும் மெடல். மேடையில் பொன்னாடை வாங்குகிற சிறப்பு விருந்தினர் பல நேரம் சாதிச் சங்கப் பிரமுகர். நம் பிள்ளையின் கழுத்தில் அவர் மெடல் போட, நாம் போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

அந்தச் சான்றிதழ் எதற்குப் பயன்படும்? தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற அமைப்பின் போட்டிக்குத்தான் அங்கே மதிப்பு. கராத்தேயின் நிலைமையோ சந்தி சிரிக்கிறது. இந்திய ஒலிம்பிக் சங்கம் 2020 ஜனவரியில் இந்திய கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அதே ஆண்டில் உலகக் கூட்டமைப்பும் கைவிட்டது. அப்புறம் வேறொரு அமைப்பு வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்த கராத்தே பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை. மேலே இவர்கள் நாற்காலிக்கு அடித்துக்கொள்ள, கீழே அனுப்பர்பாளையத்திலும் பெருமாநல்லூரிலும் ஒரு தாய் வாரக் கூலியை நுழைவுக் கட்டணமாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பணம் கட்டும் முன் மாஸ்டரிடம் கேளுங்கள்: இந்தப் போட்டியை நடத்துவது யார், அவர்களுக்கு அங்கீகாரம் கொடுத்தது யார், கடிதத்தைக் காட்டுங்கள். நல்ல மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர்களையும் எனக்குத் தெரியும். பழைய சீருடையை வாங்கித் துவைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அவர்கள் பேனர் அடிப்பதில்லை.

போதிதர்மர் காஞ்சிபுரத்தார், கராத்தே தமிழன் கலை என்று '7ஆம் அறிவு' வந்த 2011-லிருந்து ஒரு பெருமைப் பேச்சு வேறு ஓடுகிறது. பல்லவ இளவரசனின் பெருமை அரண்மனைக்குப் போகட்டும். கராத்தே வளர்ந்தது ரியூக்யூ தீவுகளில். 1609-இல் சத்சுமா படை பிடித்து, 1879-இல் ஜப்பான் விழுங்கிய தீவுகள். விவசாயிகள் வெறுங்கையால் ஆயுதத்தை எதிர்த்த கதையும் பெரும்பாலும் கதைதான். அங்கே அதைப் பயின்றவர்களில் அதிகாரி வர்க்கமே அதிகம். ஆனால் ஒக்கினாவாக்காரர்களை இளக்காரமாகப் பார்த்த அதே ஜப்பானின் தலைநகரில், 1922-இல் ஃபுனகோஷி அதைச் செய்து காட்டி, பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுபோய் வைத்தார். நமக்கு வேண்டிய பாடம் இந்தப் பக்கம் இருக்கிறது.

தீர்மானம் போடுகிற தோழரே, கடைசி வரியை மாற்றி எழுதுங்கள். 'தற்காப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விளையாட்டு உரிமை' என்று போடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-இல் சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. அந்த நிதியிலிருந்து காலனிக்கு ஒரு பயிற்சியாளர், சீருடை, அங்கீகாரம் பெற்ற போட்டிக்கான கட்டணம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆதிதிராவிடர் நலத் துறை விடுதி மாணவர்களுக்கு மாலை நேரப் பயிற்சி கேளுங்கள். மூன்று மாதம் வேண்டாம், ஆண்டு முழுவதும்.

இடம் இல்லை என்பார்கள். இருக்கிறது. நம் காலனிகள் பலவற்றில் சமுதாயக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. ஒரு பக்கம் தேர்தல் பெட்டி, ஒரு பக்கம் உடைந்த நாற்காலி. பெருக்கிக் கழுவினால் இருபது பிள்ளைகள் நின்று கட்டா போடலாம். அதன் சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்று, வருகிற கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.