வண்டி யார் பேரில்?

சரக்கு வண்டிகளின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையிலான லாரிக்கு 2022-ல் நிர்ணயித்த பிரீமியம் 43,950 ரூபாய். கணக்குப் போட்டால் வண்டிக்கு மூவாயிரம் மிச்சம். டீசல், டயர், டோல் என்று எல்லாம் ஏறும் தொழிலில் ஒன்றாவது இறங்கியதே என்று சந்தோஷமாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் சங்ககிரியில் ஒரு ஒற்றை வண்டிக்காரரிடம் இதைச் சொன்னபோது, "மிச்சத்த வூட்டுக்காரிகிட்டயே குடுத்தர்றனுங்க. வண்டி அவ பேர்லதானுங்க, நாந்தா ஓட்டறன்" என்றார். எனக்குத் திக்கென்றது.

டேஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துத் தந்தார். பாலிசியில் 'உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு' என்ற வரிக்கு எதிரே பூஜ்யம். அந்த 15 லட்ச ரூபாய் காப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். அந்த அம்மாவிடம் லைசென்ஸ் இல்லை. ராத்திரி பகலாக ஓட்டுகிற இவர் பெயரோ ஆர்.சி.யில் இல்லை.

மனைவி பேரில் வண்டி எடுப்பது கொங்கு நாட்டில் ஊரறிந்த வழக்கம். இவர் பேரில் பைனான்ஸில் ஏற்கெனவே கடன் இருக்கும். அல்லது அந்த அம்மாவின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டியிருப்பார்கள். ராசி பார்த்து எழுதியவர்களும் உண்டு. அதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. கர்நாடகத்தில் ஒருவர் இன்னொருவரின் பைக்கை வாங்கிக்கொண்டு போய் மாட்டுவண்டியில் மோதி இறந்தார். வண்டியை வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனைவியின் லாரியை ஓட்டுபவருக்கும் இதே நிலைதான்; அந்த லாரியின் மூன்றாம் நபர் காப்பீடு அவருக்கு உதவாது. எதிர்வண்டி மீது தப்பு என்றால் அந்த வண்டியின் காப்பீட்டில் கேட்கலாம். தூக்கக் கலக்கத்தில் தானே கவிழ்த்துவிட்டால்? லாரியும் போய், தவணையும் நின்று, அந்த அம்மா கையில் வெறும் ஆர்.சி. புத்தகம்தான் மிஞ்சும்.

பாலிசியைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள் என்று இந்தப் பத்தியில் நான் ஓயாமல் கேட்டுவருவது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த வாரம் கோபத்தோடு கேட்கிறேன். பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் கூடுதல் காப்பு உண்டு என்று சொல்லி விற்கும் ஏஜென்ட், ஸ்டீயரிங் பிடிப்பவர் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பூஜ்யம் என்று தட்டச்சு செய்த கை, அதன் அர்த்தத்தையும் சொல்லியிருக்க வேண்டாமா?

ஓட்டுகிறவர் தன் பேரிலேயே தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வதுதான் நேர்வழி. லாரி ஓட்டும் தொழில் என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர்கள் டிரைவர், கிளீனர் இருவருக்கும் உரிய காப்பைப் பாலிசியில் சேர்த்து, சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். நாளை கேட்டால் காட்ட அதுதான் சான்று.

ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும்போது அந்த உறையைப் பிரித்து, ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் இருந்தால், பொட்டு வைப்பதற்கு முன் ஏஜென்டுக்குப் போன் போடுங்கள்.