அனுமதி கொடுத்தும் உடனே மருந்து வராதது ஏன்? கருப்பு பூஞ்சை ஊசியும் 'லிபோசோம்' சிக்கலும்

2021 மே மாதம். கொரோனா இரண்டாவது அலைக்கு நடுவே கருப்பு பூஞ்சை பாதிப்பும் கூட, லிபோசோமல் ஆம்போடெரிசின் பி ஊசிக்காக நோயாளிகளின் குடும்பத்தினர் மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினாங்க. மத்திய அரசு நாட்கோ, அலெம்பிக், குஃபிக், எம்க்யூர், லைகா என மேலும் 5 நிறுவனங்களுக்கு தயாரிப்பு அனுமதி கொடுத்தது. ஆனா அவை மாதம் 1,11,000 குப்பிகள் தயாரிக்கத் தொடங்குவது ஜூலையில்தான் என்றும் அப்போதே சொல்லப்பட்டது.

அனுமதி கிடைச்ச பிறகும் ஏன் அவ்வளவு நாள்?

லிபோசோம்னா என்ன?

கொழுப்பால் ஆன மிகச் சின்ன குமிழி. 1960களில் பிரிட்டன் விஞ்ஞானி அலெக் பாங்கம் இதைக் கண்டறிந்தார். ஆம்போடெரிசின் பி பூஞ்சையை அழிக்கும், ஆனா சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதையே இந்தக் குமிழியில் ஏற்றிக் கொடுத்தா பாதிப்பு குறையும், அதிக அளவும் கொடுக்கலாம். குமிழியின் அளவு 100 நானோமீட்டருக்கும் கீழே. அதாவது தலைமுடி தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒருத்தருக்கு எத்தனை குப்பி?

உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தா, 60 கிலோ உள்ளவருக்கு தினமும் 300 மில்லிகிராம். ஒரு குப்பியில் இருப்பது 50. ஆக, நாளுக்கு 6 குப்பி, மூன்று வாரத்துக்கு 126. மூளைக்குப் பரவினா அளவு இன்னும் கூடும்.

2021 ஜூனுக்கு உள்நாட்டு உற்பத்தித் திட்டம் 2,55,114 குப்பிகள். நம்ம கணக்குப்படி அது சுமார் 2,000 பேரின் முழு சிகிச்சைக்குத்தான் வரும். ஜூலை நடுவில் பதிவான பாதிப்போ 45,000ஐத் தாண்டியிருந்தது. இறக்குமதி செய்தும் போதல. சிறுநீரக ஆபத்து தெரிந்தே பலருக்கு பழைய வகை ஊசியைப் போட வேண்டியதாச்சு.

தோசைக்கல் கணக்கு

ஆய்வகத்தில் லிபோசோம் செய்வது பெரிய வேலை இல்ல. கொழுப்பை ஒரு கரைப்பானில் கரைத்து, உருண்டைக் குடுவையில் சுழற்றி ஆவியாக்கினா உள்சுவரில் மெல்லிய படலம் ஒட்டும். அதில் தண்ணீர் சேர்த்தா குமிழிகள் உருவாகும். இதையே நூறு மடங்கு பெருசா செய்தா? மாவை நூறு மடங்கு ஊற்றினா தோசை மெல்லிசா வராது இல்லையா, அதே கதைதான். படலம் தடிக்கும், குமிழிகள் ஆளுக்கொரு அளவில் வரும். அதனால ஆலைகள் வேறு வழிக்குப் போகணும். எத்தனாலில் கரைத்த கொழுப்பை தண்ணீர் ஓட்டத்தில் வேகமாகக் கலப்பது ஒண்ணு, உயர் அழுத்தத்தில் குமிழிகளை நொறுக்கி சிறிதாக்குவது இன்னொண்ணு.

இதில் ஃபைசர் கொரோனா தடுப்பூசிக்குச் செய்தது கெட்டிக்காரத்தனம். லிபோசோமின் நெருங்கிய உறவான கொழுப்பு நானோதுகளைத் தயாரிக்க, பெரிய கலவை இயந்திரம் கட்டாம, நாணய அளவு கலவைக் கருவிகளை நிறைய வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டாங்க.

அதோட முடியல. சூடாக்கி கிருமி நீக்கினா குமிழி சிதையும், அதனால 0.22 மைக்ரான் வடிகட்டிதான் வழி. குமிழி பெருசா இருந்தா வடிகட்டி அடைக்கும். அப்புறம் உறையவைத்து உலர்த்தணும். கடைசியா, கிருமி வளருதான்னு வழக்கமா 14 நாள் காத்திருந்து பார்க்கணும்.

அமெரிக்காவும் தப்பல

2011இல் ஓஹியோவில் இருந்த ஒரே ஒரு ஆலையில் உற்பத்தி நின்றது. லிபோசோம் வகை புற்றுநோய் மருந்து 'டாக்சில்' அமெரிக்கா முழுக்க தட்டுப்பாடு. 2012 பிப்ரவரியில் இந்தியாவின் சன் ஃபார்மா தயாரித்த 'லிப்போடாக்ஸ்' மருந்தை இறக்குமதி செய்ய அந்நாட்டு எஃப்டிஏ அனுமதித்தது. தயாரிப்பாளர்கள் குறைவா இருந்தா நடப்பது இதுதான்.

நோய் வந்த பிறகு அனுமதி கொடுப்பதில் பெரிய பலன் கிடைக்காது. முன்கூட்டியே சோதித்து முடித்த உற்பத்தி வரிசையும், கையிருப்பில் மருந்துத்தர கொழுப்பும் வேணும். ஆனா சாதாரண நாட்களில் இந்த ஊசிக்குத் தேவை ரொம்பக் குறைவு. சும்மா இருக்கும் வரிசைக்கு எந்த நிறுவனமும் தானா செலவு செய்யாது. அரசு நீண்டகால கொள்முதல் ஒப்பந்தம் போட்டாதான் அது நடக்கும்.